இரண்டு கொடிகளுக்கு நேரே

கை ஆடாமல் படம் எடுப்பது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் மாவட்டச் செய்தியாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலருக்கு, ட்ரைபொட் வாங்குவதா வேண்டாமா என்பதே முதற் கேள்வி. வாங்குங்கள். வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வாருங்கள். முப்பத்திரண்டு வருட வேலையில் என்னுடையதை நான் விரித்தது பாடசாலைக் குழுப் படங்களுக்கும், யாராவது பெரியவர் நாடா வெட்டுகிற நிகழ்வுகளுக்கும்தான். மற்ற எதற்குமே, அதன் கால்களை இழுத்துப் பூட்டி முடிப்பதற்குள் செய்தி நடந்து முடிந்துவிடும். நமது பகுதியில் அதற்குக் காலூன்ற இடமும் குறைவு. வயல் வட்டைக்குள் போனால் சேறு, வாவியில் தண்ணீர், கடற்கரையில் மணல், பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் அதிர்வு.

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வதும், பாதி மூச்சு வெளியேறிய பின் அழுத்துவதும், பொத்தானைக் குத்தாமல் மெல்ல அமர்த்துவதும் பயிற்சியால் வரும். சுவர் இருந்தால் சாயுங்கள், சுவர் இல்லாவிட்டால் உட்காருங்கள். இதையெல்லாம் கமராவோடு வருகிற சிறு புத்தகமே சொல்லிவிடும். ஒரு மாதம் தினமும் பழகினால் உங்கள் கை என் கையைவிட உறுதியாகும்.

நான் சொல்ல வருவது வேறு. என் காலம் முழுவதிலும் நான் கையில் பிடித்து எடுத்தவற்றில் மிகக் கூர்மையான படம் ஒன்று உண்டு. அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வரக்கூடாத படம் அது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, சித்திரை வருசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேற்றாத்தீவுப் பக்கத்து வாவிக்கரையில் தோணியோட்டம் வைத்தார்கள். ஒரு தோணியில் இரண்டு பேர். முதற்பரிசு, தோணியில் பூட்டுகிற எஞ்சின் ஒன்று. வெளிநாட்டிலிருக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியது. அதை ஒரு மரச்சட்டத்தில் நிறுத்தி, மாலை போட்டு, பொட்டும் வைத்திருந்தார்கள். ஓட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். கிட்ட வந்தும் தொடாமல் நின்றவர் ஒருவர்தான். அவர் பெயர் றோசலின்.

முப்பத்தைந்து வயதிருக்கும். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வீடு. கணவருக்குத் தோள்மூட்டு விலகி, ஒரு வருடமாகத் துடுப்புப் பிடிக்க முடியாது. வலை போடுவதும் எடுப்பதும் றோசலினும் அவருடைய தம்பியும்தான். இறால் நன்றாகப் படுகிற இடம் வடக்கே தொலைவில் இருந்தது. துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் சந்தை கலைந்துவிடும். அதனால் வீட்டுக்கு முன்னாலேயே வலை போட்டு, கிடைத்ததை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் எஞ்சின் இருந்தால் அந்த வீட்டின் நாள் முழுவதுமே மாறிவிடும்.

"நீங்க தொட்டுப் பாக்கல்லயா?" என்று கேட்டேன்.

"தொட்டுட்டு விட்டுட்டுப் போறதெண்டாக் கஷ்டம் அண்ணே. வெண்டா வீட்ட கொண்டுபோய் ஆறுதலாத் தொடுறன்."

பக்கத்தில் நின்ற கோபால் சிரித்தான். நல்ல துடுப்புக்காரன், வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, குசினியில அகப்பை தேடுதாம். நீங்க போங்க, நாங்க பாத்துக்கிறம்."

"எனக்கு அகப்பையும் வரும் துடுப்பும் வரும் கோபால். உனக்கு ரெண்டில எது வருமெண்டு பின்னேரம் பாப்பம்."

சுற்றி நின்றவர்கள் கோபாலைப் பார்த்துக் கூவினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நடுவர் சிவம் மாஸ்டர். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். எல்லைக்கோட்டை அவர் இப்படி அமைத்திருந்தார்: கரையில் ஒரு கம்பில் கொடி. அதற்கு நேரே, ஆழமில்லாத வாவிக்குள் நட்ட கம்பில் இன்னொரு கொடி. தோணிகள் இரண்டுக்கும் இடையே புகுந்து போக வேண்டும். மாஸ்டர் கரைக் கொடியருகே நிற்பார். பின்னேரச் சூரியன் அவர் முகத்துக்கு நேரே இருக்கும் என்பதால், எதிர்ப்புறத்தில், வாவிக் கொடிக்கும் அப்பால் என்னை ஒரு தோணியில் இருத்தினார்.

"தம்பி, எனக்குச் சந்தேகம் வந்தா உங்கட படம்தான் சாட்சி. கிட்டக் கொடி தூரக் கொடிய மறைக்கிற இடத்தில இருங்க. அங்கால இஞ்சால அசையாதேங்க."

என் தோணியைப் பிடித்தவன் யோகன். அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையிலிருக்கும் கமரா ஆடாமல் இருப்பது நம் கையால் மட்டுமல்ல என்பதை அவனிடம்தான் முழுதாகக் கண்டேன். முதல் ஓட்டத்துக்கு முன் நான் இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பார்த்தேன். அலையில் தோணி மெல்ல ஏறி இறங்கியது. யோகன் பின்னால் நின்று, கம்பைச் சேற்றில் ஊன்றியபடி என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க மூச்ச விட்டு முடியிற இடத்திலதானே அமத்துறீங்க?"

"ஓம்."

"அப்ப நான் அந்த நேரம் ஊண்டுறன்."

அதன்பிறகு நான் ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் அந்தத் தோணி அசைவற்று நின்றது. ஒரு கண் அலையில், ஒரு கண் என் தோளில் என்று வைத்துக்கொண்டு, தன் முழுப் பாரத்தையும் அந்த ஒரு கணத்தில் கம்பில் இறக்குவான். படம் எடுத்ததும் தளர்த்துவான். யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. கமராவைக் கையால் தொட்டதுகூட இல்லை என்றான். சீமெந்துத் தரையில் நின்றால்கூட எனக்கு அவ்வளவு நிதானம் வந்திருக்காது.

ஆரம்ப ஓட்டங்கள் முடிந்தன. எதற்கும் என் படம் தேவைப்படவில்லை. எல்லாம் தோணிக் கணக்கில் முந்திய வெற்றிகள். கடைசி ஓட்டத்துக்குக் கோபாலும் அவன் மச்சானும் ஒரு தோணி, றோசலினும் தம்பியும் மற்றது. நான் அதுவரை எடுத்த படங்களைப் பார்த்தேன். எல்லாம் பக்கவாட்டுத் தோற்றம். துடுப்புப் போடுகிற கைகள் முகங்களை மறைத்தன. போதாததற்கு நடுவில் கொடிக்கம்பு வேறு. முதற்பக்கத்துக்குப் போகிற படம் ஒன்றும் இல்லை.

"யோகன், கொஞ்சம் முன்னுக்கு எடுங்க. வாறவங்கட முகம் தெரிய வேணும்."

"கொடிய விட்டு விலகிறம் அண்ணே."

"ஒரு தோணி நீளம்தானே."

"மாஸ்டர் அசைய வேணாமெண்டவர்."

"இவ்வளவு நேரமும் ஒரு ஓட்டத்துக்காவது படம் கேட்டவரா?"

யோகன் கம்பைச் சேற்றிலிருந்து பிடுங்கினான். தோணியை எல்லைக்கு அப்பால் தள்ளி, கம்பை ஊன்றினான்.

அவர்கள் வந்தார்கள். கோபாலின் தோணி என் பக்கமாக, றோசலினுடையது கரைப்பக்கமாக. இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. கரையில் சத்தம் எழுந்தது. நான் மூச்சை விட்டேன், யோகன் ஊன்றினான், அமர்த்தினேன்.

அந்தப் படத்தை இன்றும் வைத்திருக்கிறேன். துடுப்பிலிருந்து தெறித்த துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். தம்பியின் சட்டைக் கழுத்தில் பிரிந்த தையல் தெரிகிறது. றோசலினின் முன்கை நரம்பு தெரிகிறது. கண்கள் இரண்டும் எல்லையைத் தாண்டி எங்கோ பார்க்கின்றன. இப்படி ஒரு படத்துக்காகத்தான் நாம் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறோம்.

கரைக்கு வந்தபோது மாஸ்டர் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரிஞ்சது. தண்ணி கண்ணக் கூசுது. எங்க தம்பி படம்?"

கரையில் நின்றவர்களின் போன்களிலும் படம் இருந்தது. எல்லாவற்றிலும் வெயிலின் மினுக்கமும், முன்னால் நின்றவரின் பின்தலையும். ஆகவே என் கமராவைச் சுற்றிக் கூடினார்கள். சின்னத் திரையில் பெருப்பித்துக் காட்டினேன். றோசலினின் தோணி முனை ஒரு சாண் முந்தி நின்றது. சந்தேகமே வராத படம்.

"கத்தி மாதிரி இருக்கு," என்றார் ஒருவர்.

அதுவரை கத்திக்கொண்டிருந்த கோபாலின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு அடங்கிப்போனார்கள். கோபாலும் வந்து குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி. அக்கா வெண்டிட்டாங்க," என்றான். தோற்றவன் அவ்வளவு நேராகச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

றோசலின் கூட்டத்தை விட்டு விலகினார். நடந்துபோய், எஞ்சினின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

மாஸ்டர் ஒலிவாங்கியை எடுக்கப் போனார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எடுத்த படத்தின் நடுவைப் பார்த்தபின் ஓரங்களையும் பெருப்பித்துப் பார்ப்பேன், எங்காவது ஆட்டம் இருக்கிறதா என்று. பார்த்தேன். வாவிக் கொடி அவ்வளவு தெளிவு, துணியின் ஓரத்து நூல்கூடத் தெரிந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, அதே தெளிவோடு, கரைக் கொடி.

இரண்டு கொடிகளும் தெரிந்தன. ஒன்றை ஒன்று மறைத்திருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்திரிகையில் படங்களைத் தெரிவு செய்கிறவர் ஒருவர் இருந்தார். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நல்லது கெட்டது சொல்லமாட்டார். "எங்க நிண்டு எடுத்தீர்?" என்று மட்டும் கேட்பார். எனக்கு அது வெறும் அலுப்பான கேள்வியாகவே இருந்தது. அந்தக் கரையில் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கியது. எல்லையைத் தாண்டி நின்று பின்னோக்கிப் பார்க்கிறவனுக்கு, இரண்டு தோணிகள் சரிசமமாக வந்தாலும், தனக்குத் தூரத்தில் வருகிற தோணியே முந்தியதாகத் தெரியும். தூரத்தில், கரைப்பக்கமாக வந்தது றோசலினின் தோணி.

நிமிர்ந்தேன். யோகன் முழங்கால் தண்ணீரில் கம்போடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அது நான் சொல்ல வேண்டியது என்று அவன் விட்டிருந்தான்.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். தோற்றவனே ஒத்துக்கொண்டுவிட்டான். எஞ்சின் யாருக்குத் தேவையோ அவர் கையின் கீழ் இருக்கிறது. படம் நாளை முதற்பக்கம். சும்மா இருந்தால் மட்டும் போதும், பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, றோசலின் உண்மையிலேயே வென்றிருக்கவும் கூடும். மாஸ்டர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், பொறுங்க. இந்தப் படம் செல்லாது," என்றேன்.

"ஏன்?"

"நான் நிண்ட இடம் பிழை."

விளக்கத் தொடங்கினேன். அவரைக் கரையோரமாக நாலு எட்டு நடத்தி, கொடிகளைப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது எட்டிலேயே அவர் நின்றுவிட்டார். கணிதம் படிப்பித்தவர். நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. கமராவை வாங்கி, எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று அறிய, இரண்டு கம்புகளின் அடியையும் விரலால் இணைத்துப் பார்க்க முயன்றார். கிட்டக் கம்பின் அடி படத்துக்குள் இல்லை. தூரக் கம்பின் அடியைத் தோணி மறைத்திருந்தது. முகங்களுக்காக நான் கமராவை உயர்த்திப் பிடித்திருந்தேன்.

கூட்டத்திலிருந்து ஒருவர், "பேப்பர்காரர் எங்களப் பேக்காட்டி ஏமாத்துறார்," என்றார். இன்னொருவர், "கோபால் ஏதும் தந்திட்டானோ?" என்றார். றோசலினின் தம்பி என் முன்னால் வந்து நின்றான்.

"கண்ணுக்கு முன்னால தெரியுதே அண்ணே. நீங்கதானே எடுத்த?"

"நான்தான் எடுத்தது. விலகிறம் எண்டு யோகன் சொன்னவர். நான் கேக்கல்ல. பிழை என்னுடையது."

றோசலின் எஞ்சினிலிருந்து கையை எடுத்தார். அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அப்ப நாங்க தோத்துட்டமா?"

"அதுவும் தெரியாது தங்கச்சி. இந்தப் படத்தால ரெண்டில எதையும் சொல்ல ஏலாது."

அவர் கோபம் காட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, கோபாலைப் பார்த்தார். "மறுகா ஒருக்கா ஓடுவம்."

"கை ஓஞ்சு போச்சக்கா."

"என்ட கை மட்டும் இப்பதான் கடையில வாங்கினதா?"

கோபால் சிரித்துவிட்டுத் துடுப்பை எடுத்தான். அவன் மறுத்திருக்கலாம். நாளைக்கு வைப்போம் என்றிருக்கலாம். ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

நானும் யோகனும் மறுபடி தோணியில் ஏறினோம். இந்தத் தடவை கொடிக்கு நேரே. கிட்டக் கொடி தூரக் கொடியை முழுதாக மறைக்கும்வரை அவன் விரலளவு விரலளவாகத் தள்ளினான். நான் கமராவைத் தூக்கினேன். என் கை ஆடியது.

முப்பது வருடம் கலவரத்துக்கும் வெள்ளத்துக்கும் ஆடாத கை. காரணம் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் வெல்ல வேண்டும் என்று விரும்பினேன். பெற்ற ஒன்றை அவர் கையிலிருந்து பறித்தவன் நான். மூச்சை விடப் பார்த்தேன், பாதியில் நின்றது.

"அண்ணே, உங்கட மூச்சு எனக்கு விளங்கல்ல," என்றான் யோகன் பின்னாலிருந்து. "எப்ப ஊண்டுறதெண்டு தெரியல்ல."

"எனக்கும் தெரியல்ல."

அவன் கம்பில் பிடியை மாற்றிக்கொண்டான். பிறகு சொன்னான்: "வாற ஆக்களப் பாக்காதேங்க. கொடிய மட்டும் பாருங்க. நான் வலைக்குள்ள மீனப் பாத்தா எனக்கும் கை பதறும். கயிறத்தான் பாப்பன்."

கொடியை மட்டும் பார்த்தேன். வெயிலில் நிறம் வெளுத்த ஒரு துண்டுத் துணி. காற்றில் ஒருமுறை சுருண்டு விரிந்தது. கரையில் சத்தம் கேட்டது, இடப்பக்கத்தில் ஏதோ அசைந்தது. நான் திரும்பவில்லை. மூச்சு தானாக இறங்கியது. தோணி உறைந்தது. கம்புக்குப் பின்னால் தோணியின் மரம் தெரிந்த கணத்தில் அமர்த்தினேன். எடுத்து முடித்தபோது யார் வந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது.

அது அழகான படம் அல்ல. முகங்கள் தெரியவில்லை. கொடிக்கம்பு நடுவில் செங்குத்தாக நிற்கிறது. ஆனால் கம்பின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை பிசகாமல் தெளிவாக இருந்தன. கோபாலின் தோணி முனை கம்பைத் தாண்டியிருந்தது. றோசலினின் முனை கம்பை எட்டாமல், நாலு விரல் இடைவெளியில் நின்றது.

கரையில் மாஸ்டர் முதலில் பார்த்தார். கமராவை றோசலினிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அந்த நாலு விரல் இடைவெளியில் என்னவெல்லாம் இருந்தது என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கூவவில்லை.

தம்பி அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "இந்த முறை நிண்ட இடம் சரியா?" என்றான். கசப்போடுதான் கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். றோசலின் முந்திக்கொண்டார்.

"சரிதான்டா. பிழையெண்டா அவரே சொல்லியிருப்பார்."

கமராவை என்னிடம் திருப்பித் தந்தார். கோபாலிடம் போய், "கொண்டுபோய் மாலையோட வெச்சு அழகு பாத்துட்டிராத, நாளைக்கே பூட்டு," என்றார். பிறகு இரண்டு துடுப்புகளையும் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"வாடா, காத்து ஏறமுந்தி அக்கர போவம்."